பாட்டுக்குள் பகை இல்லை

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மையார், கூடையை இறக்கும் முன்பே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவார்.

"இன்னிக்கு எங்க பாடு, வாத்தியாரய்யா. எறாலப் பாருங்க, இன்னும் துள்ளுது."

மற்றொரு நாள் செய்தி வேறாக இருக்கும். "இன்னிக்குப் பாடு இல்ல. கட மீனு வாங்கியாந்துகீறேன். வேணும்னா எடுங்க, இல்லன்னா மூஞ்சத் தூக்காதீங்க."

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின் பழவேற்காட்டில் குடியேறியவன் நான். ஏரிக்கு மேற்கே, நெல் விளையும் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன், வலை பிடித்தறியாதவன். சொற்களைப் பிடித்துவைக்கும் பழக்கம் மட்டும் இன்னும் விட்டபாடில்லை. பாடு என்னும் சொல்லுக்கு இடம், முறை, உழைப்பு, பெருமை, துன்பம் எனப் பல பொருள்களை அகரமுதலிகள் அடுக்கும். ஏரி மீனவர்கள் அவற்றுள் முதலிரண்டையும் ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கிறார்கள். ஏரியின் இன்ன பகுதியில் இன்ன நாளில் இன்ன குடும்பம் வலை கட்டலாம் என்னும் உரிமையே அவர்கள் வழக்கில் பாடு. ஊர்க்கோயிலில் சீட்டெடுத்து அதை முறைப்படுத்துவார்கள். இறால் மிகுந்த இடம் ஒரே வீட்டில் தங்கிவிடாது. வறண்ட இடமும் ஒரே வீட்டை வாட்டிக்கொண்டிராது. இரண்டும் ஊரைச் சுற்றி வரும். பங்கீட்டைப் பற்றி நான் படித்தவை பல. இத்துணை எளிய ஏற்பாட்டுக்குள் இத்துணை நேர்மையை அடக்கி வைத்ததை வேறெங்கும் கண்டதில்லை.

அம்மையாரின் ஊர், ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவூர். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் படகில்தான் வரவேண்டும். கணவர் பேச்சுக் குறைந்தவர். ஏரியில் அவருக்குப் பாட்டுரிமை உண்டு. ஒரே மகள் இயந்திரவியலில் பட்டயப்படிப்பு முடித்து, இரும்பைப் பற்றவைக்கும் தொழிலில் தனிப்பயிற்சியும் பெற்றிருந்தாள். ஆயினும் அவளுக்குக் கிடைத்தது, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை.

"படிச்சது இரும்பு, பண்றது அட்டப்பொட்டி" என்று தாய் குறைப்பட்டுக்கொள்வார். "அதுக்கு எங்கூட மீனாவது வித்திருக்கலாம். பேரம் பேசவாச்சும் கத்துக்கினு இருக்கும்."

அந்நாளில்தான் ஏரிக்கரையில் கப்பல்களையும் விசைப்படகுகளையும் பழுதுபார்க்கும் தளம் ஒன்று வரப்போவதாகச் செய்தி பரவியது. கரையோர நிலம் வேண்டும். கலங்கள் வந்துபோக ஏரியில் ஒரு தடம் ஆழப்படுத்தப்படும். ஈடாகத் தீவூருக்குப் பாலமும், ஊராரின் பிள்ளைகளுக்கு வேலையும் தருவார்கள் என்றார்கள். நிறுவனத்தின் அலுவலர்கள் ஊராரோடு பேச வந்த நாளில் ஊர்த்தலைவர் என்னையும் வரச்சொன்னார். அவர் முதியவர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"அவங்க பேசற தமிழும் நீங்க பேசற தமிழும் ஒரே ரகம். கூட உக்காந்து கேட்டுட்டு, எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

நான் சொல்லவேண்டிய தேவையே எழவில்லை. தலைவர் கேட்ட முதற்கேள்வியே நேரானது: "நீங்க ஆழம் பண்ற வாய்க்கா எங்க எந்தப் பாட்டு மேல போவுது?" இறால் பருவத்தில் ஊரே நம்பியிருக்கும் ஆழமற்ற பகுதி ஒன்றின் மீது அது போவதாக இருந்தது. அலுவலர்களுள் மூத்தவர் அதை மறைக்கவில்லை. தெற்கே கைவிடப்பட்ட உப்பளங்கள் கிடக்கின்றன, அங்கே போகக்கூடாதா என்று தலைவர் கேட்டார். செலவு கூடும், ஆனால் முடியாதது அன்று, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார் அலுவலர். "கேட்டுச் சொல்லுங்க. அப்பால பேசலாம்" என்றார் தலைவர். தேநீர் வந்தது, குடித்துவிட்டுப் பிரிந்தார்கள். எதிர்ப்பு என்பது இவ்வளவு கண்ணியமாகவும் பயனுடையதாகவும் நடக்கக்கூடும் என்று வியந்தவாறே படகேறினேன்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. உப்பளத்தைப் பற்றிய மறுமொழி வருமுன் கொடிகள் வந்துவிட்டன. முதலில் ஒரு கட்சி, அதனிடம் தோற்றுவிடக்கூடாதென்று இன்னொரு கட்சி, பிறகு இருவரையும் நம்பாதீர் என்று மூன்றாவது கட்சி. ஒருவர் 'ஏற்கமாட்டோம்' என்றால் அடுத்தவர் 'ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம்' என்றார். இடத்தை மாற்றுவது பற்றிய பேச்சு அந்த ஒலிபெருக்கிகளுக்கிடையே எங்கோ கரைந்துபோயிற்று.

கரையில் ஒரு பொதுக்கூட்டம் கூட்டினார்கள். எக்கட்சியையும் சாராதவன், ஊரையும் சாராதவன் என்னும் இரு தகுதிகளால் தலைமை நாற்காலியில் என்னை அமர்த்தினார்கள். நகரத்திலிருந்து ஒரு கட்சித் தலைவர் வந்திருந்தார். பேசுமுன் ஊராரிடம் குறைகேட்டார். "எங்க பாட்டப் புடுங்கிடுவாங்கன்னு பயமா கீது" என்று ஒருவர் சொன்னதை அவர் கருத்தோடு தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"உங்கள் பாட்டைப் பறிக்க வருகிறார்கள். முப்பாட்டன் காலத்திலிருந்து துடுப்புப் போட்டுக்கொண்டே நீங்கள் பாடிவரும் அந்தப் பாட்டை, அலைகளோடு சேர்ந்து ஒலிக்கும் அந்த இனிய இசையை, இயந்திரங்களின் இரைச்சலில் மூழ்கடிக்கப் பார்க்கிறார்கள். விடமாட்டோம். உங்கள் பாட்டு இந்த ஏரியில் என்றென்றும் ஒலிக்கும்."

பாடு என்பது இரண்டாம் வேற்றுமை ஏற்கையில் டகரம் இரட்டித்துப் 'பாட்டை' ஆகும். பாட்டு என்பதும் 'பாட்டை' ஆகும். இலக்கணத்தில் பிழையில்லை, ஏரியில் வலை கட்டுவோரிடம் இசையைக் காப்பாற்றித் தருவதாகச் சொன்னதுதான் பிழை. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து மெல்லிய பேச்சு எழுந்தது.

"இன்னா பாட்டுடீ சொல்றாரு?"

"நம்ம பாட்டத்தான்."

"எனுக்கு ஒரு பாட்டும் வராதே."

"கல்யாணத்துல மைக்கப் புடிச்சினு கத்துவியே, அத்தத்தான். அத்த யாராச்சும் புடுங்கினா ஊரே கும்புடும்."

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி ஆண்கள் பக்கமும் பரவியது. தம் பேச்சு உள்ளத்தைத் தொட்டுவிட்டதென்று எண்ணிய தலைவர், இன்னும் சற்று நேரம் இசையைப் பற்றியே பேசினார்.

அவர் அமர்ந்ததும் பெண்கள் பக்கத்தில் எங்கள் மீன்கார அம்மையார் எழுந்து நின்றார். ஊர்ப் பொதுவில் பெண்கள் எழுந்து பேசுவது அங்கே வழக்கமில்லை. "வாத்தியாரய்யா, நா ஒண்ணு கேக்கலாமா?" என்றார். கேளுங்கள் அம்மா என்றேன்.

"எம்பொண்ணு பத்தவைக்கப் படிச்சிக்கீது. அதுக்கு வேல வேணும். அதுக்காவ ஏரி வேணான்னு சொல்ல எனுக்கு இன்னா பைத்தியமா? எங்கூட்டுச் சோறு ஏரிலதான் வருது. தெக்கால உப்பளம் சும்மாத்தான் கெடக்குது, அங்க போங்கன்னு மாமா கேட்டாரு. அவங்களும் கேட்டுச் சொல்றோம்னாங்க. பதிலு வர்றதுக்குள்ள கொடி வந்துடுச்சி. எடத்த மாத்தச் சொல்லுங்க. ஆளையே தொரத்தாதீங்க."

அவர் மாமா என்றது ஊர்த்தலைவரை. கணவர் வழியில் உறவு.

"அம்மா, அவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள்" என்றார் நகரத்துத் தலைவர், பரிவோடு.

"ஏமாத்துவாங்களா இருக்கும். நீங்க ஏமாத்த மாட்டீங்கன்னு நா எப்பிடி நம்பறது? எங்க பாடு இன்னான்னே உங்களுக்குத் தெரியல."

கூட்டத்தில் மீண்டும் சிரிப்பெழுந்தது. ஆனால் இம்முறை சிரிக்காத ஒருவர் இருந்தார்: அதே ஊரில் கட்சிப் பொறுப்பில் இருந்த நடுவயதினர். தம் தலைவரைத் தம் ஊரிலேயே ஒரு பெண் மடக்கியது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஊரு ஒரு பக்கம் நிக்கும்போது தனியா நிக்கறது துரோகம். துரோகி வூட்டுக்கு இன்னா பாடு? இந்தத் தபா சீட்டுலேந்து அந்த வூட்ட எடுங்க" என்று கத்தினார். சிலர் கைதட்டினார்கள்.

எல்லோரும் ஊர்த்தலைவரைப் பார்த்தார்கள். அவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, "அத்தக் கோயில்ல பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஒரு பிடி மண்ணும் தருவதில்லை என்பதற்கு ஊர்த்தலைவரும் கைதூக்கினார். அருகில் இருந்த என்னிடம் தாழ்ந்த குரலில், "ஊரு தூக்கும்போது நா மட்டும் தூக்கலன்னா ஊரு ரெண்டா பூடும், அய்யா. அத்தினி கொடிங்களுக்கும் அதுதான் வேணும்" என்றார்.

சீட்டெடுக்கும் நாள் வரையில் அந்த வீட்டில் நிம்மதி இல்லை. இறால் பருவம் தொடங்கவிருந்தது. அப்பருவத்தின் பாடு போனால் ஆண்டு முழுவதற்கும் அடுப்பு தடுமாறும். அம்மையார் அந்நாள்களில் வாங்கிவந்த மீனைத்தான் விற்றார். அவர் குரல் குறையவில்லை, பேரமும் தளரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு இசுலாமிய வணிகக் குடும்பத்துப் பெருமாட்டி, "உஷாரா இரும்மா, ஊரப் பகைச்சிக்காத" என்று அறிவுரை சொன்னபோது, "நா யாரயும் பகைக்கல பீபிம்மா. வேல கேட்டேன்" என்று விடையிறுத்தார்.

என்னிடம் மட்டும் ஒரு முறை சொன்னார்: "எங்கூட்டுக்காரரு ஒரு வார்த்த பேச மாட்டேங்கறாரு. திட்டினாலாவது பரவால்ல. வலையப் பிரிச்சி வச்சினு பாத்துனே ஒக்காந்துகீறாரு. மறுபடி சுருட்டி வக்கிறாரு."

ஊர்த்தலைவரிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் அய்யா. நீங்க பேசினா கோயில்ல மந்திரம் சொல்ற மாதிரி இருக்கும். கேக்கறவங்க துண்ணூறுக்குக் கை நீட்டுவாங்க."

சீட்டெடுக்கும் நாளில் நானும் போயிருந்தேன். காலை வெயில் அம்மன் கோயில் முன்றிலில் விழுந்திருந்தது. ஆண்கள் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். நடுவில் சீட்டுகள் போடும் பானை. பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். அம்மையாரின் கணவர் வட்டத்தின் கடைசியில், எழுந்துபோகச் சொன்னால் தொல்லையில்லாமல் எழுந்துவிடக் கூடிய இடத்தில் அமர்ந்திருந்தார். அவர் தேர்ந்துகொண்ட அந்த இடம் என் நெஞ்சை உறுத்தியது.

பெயர்களைப் பானையில் இடுமுன் கட்சிப் பொறுப்பாளர் எழுந்தார். "கூட்டத்துல பேசினது இன்னா ஆச்சி, பெரியப்பா? அந்தப் பேரப் போடாதீங்க."

ஊர்த்தலைவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "குந்து" என்றார். அவர் அமரவில்லை.

"உங்கப்பன் எம்மேல ஸ்டேஷன்ல கேஸ் குடுத்தான். நெனப்பு கீதா?"

"அது பழைய கத."

"பழசுதான். நா உள்ள இருந்துட்டு வந்து நேரா இங்கதான் குந்தினேன். உங்காயா மூல வூட்டாண்ட நின்னுனு அழுவுது, இந்த வருசம் எங்களுக்குப் பாடு இல்லன்னு. மொத சீட்டே உங்கப்பன் பேருக்குத்தான் எடுத்தேன். இந்தக் கையாலத்தான். அந்த எறாலத் துன்னுட்டுத்தான் நீ இந்த ஒசரம் வளந்துகீற."

பொறுப்பாளர் தலைகுனிந்தார்.

"பாட்டுக்குள்ள பக இல்ல. அன்னிக்கு நா கை தூக்கினது வேற, இது வேற. அந்தம்மா எதுத்துப் பேசுச்சு, பேசட்டும். நாளைக்கு நீ எதுத்துப் பேசுவ. ஒவ்வொருத்தன் பேரா எடுத்துனே போனா பானைல கடசீல எம்பேரு மட்டுந்தான் இருக்கும்."

"மேல தலைவரு கேட்டா நா இன்னா சொல்றது?"

"ஒரு பாட்டு பாடிக் காட்டு" என்றார் ஊர்த்தலைவர்.

வட்டம் முழுதும் சிரித்தது, வேப்பமரத்தடியிலும் கேட்டது. பொறுப்பாளருக்கும் வாய் கோணிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. அம்மையாரின் கணவர் பெயர் பானைக்குள் போயிற்று. அவருக்கு வாய்த்தது சிறந்த இடமுமன்று, கடை இடமுமன்று. நடுத்தரமான ஒரு பகுதி. அதை உரக்கப் படித்தபோது அவர் வட்டத்தின் கடைசியிலிருந்து எழுந்து, சற்று முன்னே வந்து அமர்ந்தார். அவ்வளவுதான். தன்னோடு மாறுபட்டவனின் சோற்றில் கைவைப்பதில்லை என்னும் இந்த ஒழுங்கை, கற்றோர் அவைகள் பலவற்றில் நான் தேடியும் கண்டதில்லை.

தேர்தல் முடிந்தது. எதிர்த்து முழங்கிய கட்சிகளுள் ஒன்று ஆட்சிக்கும் வந்தது. பாட்டைக் காப்பதாகச் சொன்ன அந்தத் தலைவர் வேறொரு மாவட்டத்தில் வேறொரு தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியதைத் தொலைக்காட்சியில் கண்டேன். தொழில் வளர்ந்தால்தான் ஏழையின் வீட்டில் விளக்கெரியும் என்று அவர் பேசினார். அக்கருத்தில் எனக்கு மறுப்பில்லை. பழவேற்காட்டில் அவர் பேசியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

கப்பல் பழுதுபார்க்கும் தளம் எல்லைக்கு வடக்கே, ஆந்திரக் கரையில் எழுந்தது. உப்பளங்களுக்கு மாறுவது பற்றிய கேள்விக்கு மறுமொழி என்னவாக இருந்திருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. கேட்டவர்களையே துரத்திவிட்டபின் மறுமொழி எங்கே வரும்? உப்பளங்கள் இன்றும் வெறுமையாகவே கிடக்கின்றன. பாலம் வரவில்லை. மழைக்காலத்தில் காற்று மாறினால் தீவூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. படித்த இளைஞர்கள் சென்னையில் பிறர் வீட்டு வாசல்களுக்கு உணவுப் பொதி சுமக்கிறார்கள். மறுபுறம், இறால் பாடு கலங்கள் ஓடாமல் அப்படியே இருக்கிறது. அதை வெற்றியென்று சொல்வோரின் குரலையும் நான் மதிக்கிறேன். அவ்வெற்றிக்கு ஊர் தந்த விலையை மட்டும் எந்த மேடையிலும் எவரும் சொல்லக் கேட்டதில்லை. இரண்டையும் காத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. அதை மீனவரே கண்டறிந்து கேட்டும் இருந்தனர். அரசியல் அந்த வழியில் கொடிக்கம்பம் நட்டது.

அம்மையாரின் மகள் ஆந்திரக் கரையில் எழுந்த அந்தத் தளத்துக்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். பற்றவைப்புப் பணியில் முதலில் உதவியாளர், பிறகு ஒரு குழுவுக்கே பொறுப்பு. வீட்டில் தந்தையை நைனா என்றழைத்து வளர்ந்தவளுக்குத் தெலுங்கு அயலாகத் தோன்றவில்லை. விழாக்களுக்கு வருவாள், முகத்தில் கண்ணாடிக் கவசம் பதிந்த தடத்தைத் தாய் தடவிப் பார்ப்பார்.

சென்ற இறால் பருவத்தில் ஒரு நாள் முற்பகல். அம்மையார் எங்கள் வாசலில் மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். ஊர்த்தலைவர் தெருமுனையிலிருந்து மெல்ல நடந்துவந்தார். என்னைக் காண வந்தார் என்றெண்ணி நாற்காலி போட்டேன். அவர் அமராமல், கூடையருகே நின்றார்.

"எறாலு நல்லா கீதே" என்றார்.

"நீங்க குடுத்த பாடுதான் மாமா" என்றார் அம்மையார், அரிவாள்மணையிலிருந்து தலைநிமிராமல்.

தலைவர் மடக்கிய குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "எம்பேரன் படிச்சி முடிச்சிட்டான்மே. உம்பொண்ணு பண்ற அதே வேலதான். உம்பொண்ணு கிட்ட ஒரு வார்த்த சொல்லேன். அங்க எதுனா..."

அம்மையார் கை நின்றது.

"இன்னா மாமா. அன்னிக்கு ஒரு புடி மண்ணு குடுக்க மாட்டேன்னு கை தூக்கினீங்க. இன்னிக்குப் புள்ளயவே குடுக்கறீங்க."

தலைவர் முகம் சுருங்கவில்லை. "குடுக்கறேன். வேற இன்னா பண்றது? அன்னிக்கு நா செஞ்சது தப்புன்னு சொல்ல வரல."

"தப்புன்னு நானும் சொல்லல. அன்னிக்கு நா பேசினதும் தப்பில்லன்னு வச்சிக்குங்க."

"அத்த நா எப்பவோ வச்சிக்கினேன்."

அம்மையார் கைகளைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். மறுமுனையில் இரும்பை அறுக்கும் ஓசை எனக்கும் கேட்டது. "சத்தமா பேசும்மா, வேல நடக்குது" என்றாள் மகள்.

"தலைவரு தாத்தா வந்துகீறாரு."

"அவுரு எதுக்கு?"

அம்மையார் தலைவரை ஒரு முறை பார்த்தார். பிறகு கைப்பேசியைக் காதோடு நெருக்கி, "பேரனுக்குப் பாடு கேட்டு வந்துகீறாரு" என்றார். "அங்க சீட்டுல ஒரு பேரு சேக்க முடியுமா பாரு. நம்ம பானைல நம்ம பேர அவுருதான் போட்டாரு."

மறுமுனையில் இரும்போசை சற்று நின்றது. தன் மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகவும், பையனை இந்தக் கிழமையே அனுப்பிவைக்கும்படியும், கூடவே காய்ந்த இறால் கொஞ்சம் கொடுத்தனுப்பும்படியும் மகள் சொன்னாள்.

"எறாலுக்கு மட்டும் கொறச்சலில்ல" என்று அம்மையார் தொடர்பைத் துண்டித்தார். ஆய்ந்த மீனை என் பாத்திரத்தில் இட்டுவிட்டுக் கூடையைத் தூக்கினார். வெயில் ஏறியிருந்தது. தலைவர் குடையை விரித்து, கூடைக்கும் நிழல் விழும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டார். படகுத்துறை வரை இருவரும் அப்படியே நடந்துபோனார்கள்.